கார்டுக்குள் காசு எங்கே இருக்கிறது?

மொரீஷியஸ் தீவின் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அத்தை தன் மெட்ரோ கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார், கள்ள நோட்டா என்று கடைக்காரர் பார்ப்பாரே, அந்த மாதிரி. அதில் 200 ரூபாய் போட்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "கோத் மோ காஸ் எத்தே?" என்றார்.

மொரீஷியஸில் தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல்தான், பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவின் பேச்சுமொழி. தமிழ் கோவிலிலும் பள்ளிக்கூடத்திலும் எங்கள் பெயர்களிலும் இருக்கிறது. அத்தை கேட்டது "என் காசு எங்கே இருக்கு?" என்று. காஸ் என்றால் காசு. அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

அத்தைக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. ஆகியிருந்தால் பஸ்ஸில் காசைப் பற்றிய கவலையே கிடையாது. 2005 முதல் இங்கே மூத்தவர்களுக்கும் மாணவர்களுக்கும் பஸ் இலவசம். ஆகாததால் ஒவ்வொரு ரூபாயும் கணக்கு. கேள்வி நியாயமானது, பதில்தான் நான் நினைத்த அளவு சின்னதாக இல்லை. அன்று நடைமேடையில் பாதியும் வீட்டுக்கு வந்து பாதியுமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் காகித டிக்கெட். அதில் எல்லாமே முகத்தில் இருக்கும்: எங்கிருந்து எங்கே, என்ன தேதி, எவ்வளவு காசு. பரிசோதகர் வந்தால் எடுத்து நீட்டினால் போதும். தமிழ்நாட்டில் ரயிலில் போன பழைய ஆட்களுக்கு அந்தச் சின்ன, தடித்த அட்டை டிக்கெட் நினைவிருக்கும். அது இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஸ்டேஷன் ஊழியர் 1830களில் கண்டுபிடித்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு பயணிக்கும் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அட்டைகளை முன்னாலேயே அச்சடித்து வரிசை எண் போட்டார். எண் போட்டதும் இரண்டு வேலை ஒன்றாக முடிந்தது. பயணிக்கு ரசீது கிடைத்தது, கவுன்டரில் இருப்பவர் எத்தனை விற்றார் என்ற கணக்கு முதலாளிக்குக் கிடைத்தது. யாரும் நடுவில் காசை அமுக்க முடியாது. டிக்கெட் என்பது பயணிக்கான அனுமதி மட்டுமில்லை, கல்லாப்பெட்டிக்குக் காவலும்கூட. இதை மனதில் வைத்துக்கொண்டால் கார்டு ஏன் வந்தது என்பது எளிதாகப் புரியும்.

காகிதத்தின் தொல்லை, அதை மனிதக் கண்தான் படிக்க வேண்டும் என்பது. காலை ஏழரை மணிக்குத் தலைநகர் போர்ட் லூயிக்குப் போகும் கூட்டத்தில் ஒவ்வொருவர் டிக்கெட்டையும் ஒருவர் வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தால் ரயில் போய்விடும். சில்லறைத் தொல்லை தனி. பஸ்ஸில் ஒரு சின்னப் பயணத்துக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறவரைக் கண்டக்டர் ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வைக்கு எந்த மொழியிலும் சொல் இல்லை.

சரி, கார்டுக்கு வருவோம்.

வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் பிளாஸ்டிக்கின் மேல் உறையை உரித்தால் (செய்யாதீர்கள், கார்டு போய்விடும்) இரண்டே பொருள்தான் இருக்கும். ஓரத்தைச் சுற்றி நாலைந்து சுற்றாக மெல்லிய கம்பி. அதன் முனையில் மிளகை விடச் சின்னதாக ஒரு சிப். பேட்டரி கிடையாது. அப்படியென்றால் சிப் எதில் ஓடுகிறது?

ஸ்டேஷனில் கார்டை வைக்கும் அந்த ரீடருக்குள்ளும் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் விநாடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை முன்னும் பின்னுமாக ஆடுகிறது. அந்த ஆட்டத்தால் சுற்றிலும் ஒரு காந்தப்புலம் துடித்துக்கொண்டே இருக்கும். நம் கார்டின் கம்பி அந்தப் புலத்துக்குள் வந்ததும் அதிலும் மின்சாரம் பிறக்கிறது. ஒயர் இல்லாமல் போனைச் சார்ஜ் செய்கிறோமே, அதே சங்கதிதான். பையில் கிடக்கும்போது செத்துக் கிடக்கும் சிப், ரீடர் அருகே போனதும் உயிர் பெற்று, பேசி, வேலை முடிந்ததும் மறுபடி அணைந்துவிடுகிறது. சில சென்டிமீட்டர் தூரம் தள்ளினாலே புலம் பலவீனமாகிவிடும். அதனால்தான் கார்டைக் கிட்டக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். நடைமேடையில் சும்மா நிற்பவர் பையிலிருந்து காசு பறந்துவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

கார்டை வெடுக்கென்று இழுக்காதீர்கள் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். சிப் தன் நினைவில் புதுத் தொகையை எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் மின்சாரம் நின்றால்? நல்ல கார்டுகளில் இதற்கு ஏற்பாடு உண்டு. புதுக் கணக்கு முழுதாக எழுதி முடியும்வரை பழைய கணக்கை அழிக்காது. பாதியில் அறுந்தால் பழையதே நிற்கும், ரீடர் சிவப்பு காட்டும், மறுபடி வைக்கச் சொல்லும். அவசரக்காரருக்கு நேரம் போகும், காசு போகாது.

இனி அந்தப் பேச்சு. ரீடரும் சிப்பும் என்ன பேசிக்கொள்கின்றன? "என்னிடம் 200 ரூபாய் இருக்கிறது" என்று சிப் சொன்னால் ரீடர் எப்படி நம்பும்? நாளைக்கு யாராவது ஒரு போலி கார்டு செய்து "என்னிடம் இரண்டு லட்சம் இருக்கிறது" என்று சொல்ல வைக்கலாமே.

அத்தைக்கு நான் சொன்ன உதாரணம் இது. நீங்களும் உங்கள் தங்கையும் யாருக்கும் சொல்லாமல் ஒரு எண்ணை முடிவு செய்துகொண்டீர்கள், 7 என்று வையுங்கள். இருட்டில் கதவைத் தட்டுகிறவர் தங்கைதானா என்று தெரிய வேண்டும். நீங்கள் உள்ளேயிருந்து "12" என்கிறீர்கள். வெளியே இருப்பவர் 12-ஐ 7-ஆல் பெருக்கி "84" என்றால் தங்கை. 7 என்ற எண்ணை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. 84-ஐ ஒட்டுக்கேட்டவன் நாளைக்கு வந்து அதையே சொன்னால் பலிக்காது, நாளைக்கு நீங்கள் "31" என்று கேட்பீர்கள். என் பெருக்கல் கணக்கை ஒட்டுக்கேட்பவன் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவான், அது வேறு விஷயம். கார்டில் இருப்பது அப்படிப் பின்னோக்கிப் போக முடியாத கணக்கு. ரீடர் கேட்கும், சிப் பதில் சொல்லும். சிப்பும் திருப்பிக் கேட்கும், ஏனென்றால் ரீடரும் போலியாக இருக்கலாம். இருவருக்கும் நம்பிக்கை வந்த பிறகுதான் காசுப் பேச்சே.

இது எப்போதும் ஒழுங்காக நடந்ததா என்றால், இல்லை. உலகில் பல ஊர்ப் போக்குவரத்துக் கார்டுகளில் மைஃபேர் கிளாசிக் என்ற சிப் இருந்தது. லண்டனின் ஆய்ஸ்டர் கார்டிலும் அதுதான். அதன் கணக்கு முறையை வெளியே சொல்லாமல் ரகசியமாக வைத்திருந்தார்கள். 2008-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை உடைத்துக் காட்டினார்கள். சிப் செய்த என்.எக்ஸ்.பி நிறுவனம் ஆய்வுக்கட்டுரை வெளிவரக் கூடாது என்று நீதிமன்றம் போனது. நீதிமன்றம் தடுக்க மறுத்துவிட்டது, கட்டுரை வந்தது. லண்டன் பிறகு வேறு வகை சிப்புக்கு மாறியது. பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை ஊருக்கே தெரிந்த ரகசியமாக விட்டுவிட்டு, சாவியை மட்டும் பத்திரப்படுத்துவதுதான் கெட்டிக்காரத்தனம். பூட்டுக்கடைக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும், சிப் செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

இனி அத்தையின் கேள்வி. காசு எங்கே?

பழைய முறை கார்டுகளில் பதில் நேரானது: காசின் கணக்கு கார்டுக்குள்ளேயே இருக்கிறது. சிப்பின் நினைவில் ஒரு மூலையில் "200" என்று எழுதியிருக்கும். ரயில் ஏறி இறங்கினால் ரீடர் அதை அடித்து, மீதியை எழுதும். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்காது. அன்றைய கணக்கைப் பிறகு மொத்தமாக அனுப்பும். ஏன் இப்படி? வேகம்தான். டோக்கியோவில் ஜே.ஆர். ஈஸ்ட் ரயில் நிறுவனம் 2001 நவம்பரில் சூயிகா கார்டைக் கொண்டுவந்தபோது, ஒருவர் வாயிலில் கார்டை வைத்து எடுப்பதற்குள் எல்லாம் 0.2 விநாடியில் முடிய வேண்டும் என்பது கணக்கு. நடந்துகொண்டே வைக்கிறார்கள், யாரும் நிற்பதில்லை. அந்த நேரத்துக்குள் எங்கோ இருக்கும் கணினியைக் கேட்டு, பதில் வாங்கி, கதவைத் திறப்பது நடக்காத காரியம். நெட்வொர்க் ஒரு விநாடி தடுமாறினால் பின்னால் ஆயிரம் பேர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் காசைப் பயணியின் பைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். 1997 செப்டம்பரில் தொடங்கிய ஹாங்காங்கின் ஆக்டோபஸ் கார்டும் இதே வழிதான். அது ரயிலோடு நிற்காமல் தேநீர்க்கடை, மளிகைக்கடை என்று ஊர் முழுக்க ஓடியது.

வீட்டிலிருந்து ஆன்லைனில் ரீசார்ஜ் செய்தால் சில ஊர்களில் உடனே மீதி ஏறுவதில்லையே என்று குழம்புகிறவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. நீங்கள் கட்டிய பணம் கணினிக்குத் தெரியும், கார்டுக்குத் தெரியாது. ஸ்டேஷனில் ஏதாவது ஒரு ரீடரில் வைத்த பிறகுதான் சேதி கார்டுக்குள் போய்ச் சேரும்.

புதிய முறையில் பதில் தலைகீழ். அங்கே கார்டில் காசே இல்லை, வெறும் பெயர்ச்சீட்டு. "நான் இன்னார்" என்று மட்டும் சொல்லும். கணக்கு முழுக்க எங்கோ இருக்கும் கணினியில். லண்டனில் 2014 செப்டம்பரிலிருந்து சாதாரண வங்கி கார்டையே பாதாள ரயில் வாயிலில் வைத்து உள்ளே போகலாம். வங்கி கார்டில் ரயில் கம்பெனி எதையும் எழுத முடியாதல்லவா? அதனால் எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள் என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு, நாள் முடிந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். இதில் பயணிக்கு ஒரு லாபம். ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் இவ்வளவுக்கு மேல் பிடிப்பதில்லை என்று ஒரு வரம்பு வைக்க முடிகிறது. எந்த டிக்கெட் மலிவு என்று காலையிலேயே யோசிக்க வேண்டாம், ராத்திரி கணினி யோசித்துக்கொள்ளும். காகிதத்தால் இதை ஒருபோதும் செய்ய முடியாது. கார்டுக்கு ஆதரவாக ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால், வேகத்தை விட இதைத்தான் நான் சொல்வேன்.

சென்னைக்காரர்கள் இரண்டையும் பார்த்தவர்கள். 2015-இல் சென்னை மெட்ரோ தொடங்கியபோது கையில் கொடுத்த வட்ட டோக்கனும் சிப் வைத்த கார்டின் தம்பிதான். உள்ளே போகும்போது தொட்டுக் காட்டுவது, வெளியே வரும்போது துவாரத்தில் போட்டுவிடுவது. 2023-இல் வந்த சிங்காரச் சென்னை அட்டையை மற்ற ஊர் மெட்ரோக்களிலும் காட்டலாம். அதற்குள்ளே நெட்வொர்க் இல்லாமலும் வேலை செய்ய ஒரு சின்னப் பணப்பை தனியாக உண்டு. பழைய முறையும் புதிய முறையும் ஒரே கார்டில் குடியிருக்கின்றன.

இறங்கும்போதும் ஏன் கார்டை வைக்க வேண்டும்? அத்தை இதைக் கேட்கவில்லை, ஆனால் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நியூயார்க் பாதாள ரயிலில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், ஆகவே ஏறும்போது மட்டும் காட்டினால் போதும். தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் ஊரில் நீங்கள் எங்கே இறங்கினீர்கள் என்று கணினிக்கு யார் சொல்வது? நீங்கள்தான். சொல்லாமல் போனால் அது சந்தேகத்தின் பலனை உங்களுக்குத் தராது. ஆக அதிகக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டில் ஒரு ஊரில் எனக்கு இது நடந்தது. வாயில்கதவே இல்லாத ஸ்டேஷன், ரீடர் தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தது, நான் மழைக்குப் பயந்து ஓடிவிட்டேன். மறுநாள் பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தது. மூன்று வாரம் கடிதம் எழுதி அந்தக் காசைத் திரும்ப வாங்கினேன். போன நேரத்துக்குக் கூலி போட்டால் நஷ்டம்தான்.

இன்னொரு தொல்லை, பர்ஸில் இரண்டு கார்டு இருப்பது. ரீடருக்கு இரண்டு சிப்பும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். ஒன்று ரீடர் குழம்பி இரண்டையும் மறுக்கும், அல்லது வேறு கார்டிலிருந்து காசு எடுக்கும். பர்ஸோடு வைக்காமல் வேண்டிய கார்டை மட்டும் வெளியே எடுத்து வைப்பது நல்லது.

கார்டில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. அது வாய் திறப்பதில்லை. எங்கள் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தொகை தமிழ் எழுத்திலும் தமிழ் எண்ணிலும் அச்சாகியிருக்கும். 1998-இல் புது நோட்டில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளியபோது தமிழர்கள் கிளர்ந்தெழுந்து, அந்த நோட்டையே திரும்பப் பெற வைத்தார்கள். நோட்டின் முகம் எங்களுக்கு அவ்வளவு முக்கியம். கார்டுக்கு முகத்தில் விளம்பரப் படம் இருக்கும், தொகை இருக்காது. 200 இருந்தாலும் 2 இருந்தாலும் ஒரே கார்டு, ஒரே எடை. கையில் காசு குறைவதைப் பார்த்தே செலவை அடக்கிப் பழகியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அப்புறம், முன்பணமாகக் கட்டியதெல்லாம் நீங்கள் பயணம் செய்யும்வரை கம்பெனியிடம் சும்மா கிடக்கிறது. லட்சம் பேர் ஐம்பது ஐம்பது ரூபாய் மறந்து வைத்தால் என்ன தொகை என்று கூட்டிப் பாருங்கள். இன்னொன்று, கார்டு எண்ணோடு உங்கள் ஏற்ற இறக்கமெல்லாம் பதிவாகிறது. காகித டிக்கெட்டைக் கசக்கிப் போட்டால் பயணமும் அதோடு மறைந்தது. அதற்காகக் கார்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும் ஊருக்கு வந்தவருக்கும், கார்டு ஒத்துவராத முதியவருக்கும் ஒற்றைப் பயணச் சீட்டு ஒன்று எப்போதும் இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் தீவுக்கு இது இன்னும் புதுசு. 1864-இல் வந்த ரயிலில் பயணிகள் போக்குவரத்து 1956-இல் நின்றது, 1964-இல் சரக்கும் நின்றது. 2019 அக்டோபரில் மெட்ரோவைத் திறந்துவைத்தபோது, நடுவே 63 வருடம் ரயில் பயணமே இல்லாத தலைமுறைகள் வந்திருந்தன. அத்தை சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்ததெல்லாம் தண்டவாளம் போன பாதையின் தடம் மட்டும். இப்போது போர்ட் லூயியிலிருந்து கியூர்பிப் வரை மெட்ரோ பெரும்பாலும் அந்தப் பழைய பாதையைத் தொட்டுக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. காகித ரயில் டிக்கெட்டைக் கையால் தொட்டே பார்க்காமல் நேராகக் கார்டுக்கு வந்தவர்கள் நாங்கள். நாங்கள் நிற்கும் ஸ்டேஷனின் கோரமண்டல் என்ற பெயரோ பழைய சோழமண்டலம், போர்த்துகீசிய நாக்கில் உருண்டு வந்தது.

ரயில் வந்துவிட்டது. உட்கார்ந்ததும் அத்தை அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"நான் செத்துட்டா இதுல இருக்கிற காஸ் யாருக்கு?"

நல்ல கேள்வி. பெயர் பதியாத கார்டு என்றால் அது பணத்தாளைப் போலத்தான், கையில் வைத்திருப்பவருக்குச் சொந்தம். தொலைந்தால் போனது போனதுதான். பெயர் பதிந்த கார்டு என்றால் தொலைந்ததும் சொல்லி அதை முடக்கலாம். முடக்கிய எண்ணின் பட்டியல் ரீடர்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் எந்த வாயிலிலும் அது செல்லாது, மீதியைப் புதுக் கார்டுக்கு மாற்றித் தருவார்கள். அத்தையின் கார்டில் பெயர் பதியவில்லை.

"அப்ப நீயே வெச்சுக்கோ," என்று கார்டை என் கையில் கொடுத்தார். ரோஸ் ஹில்லில் இறங்கும்போது மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டார்.